பள்ளிக்கூடத்தில் விதி, கண்டிப்பு, சுதந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தால், கழிவறைத் தண்ணீர், காம்பவுண்டுச் சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் வந்து நிற்கிற பேச்சு ஒன்று உண்டு. பிள்ளைகள் அடங்குவதில்லை, முன்னே மாதிரி பயம் இல்லை. அப்போது பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விஷயத்தை நீண்ட நாள் யோசித்த சிலர் சொன்னதும் இடையிடையே வரும். எனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, படிக்கும்போதே தெரிந்துவிடும்.

“கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்” என்று சொல்லித்தான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?

இருக்கிறீர்கள், சரி. உங்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு வரை வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடிக்குப் பயந்து ஆறாவதிலேயே நின்று, மாடு பின்னாலோ மளிகைக் கடைக்கோ போனவர் இந்தக் கூட்டத்துக்கு வந்து பேசப்போவதில்லை. தாக்குப்பிடித்தவர்கள் சொல்கிற கதைதான் நம் காதில் விழுகிறது.

கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ இதை ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். கட்டாயப்படுத்தி உடம்பை வேலை வாங்கலாம், உடம்புக்கு அதனால் கேடில்லை. ஆனால் கட்டாயத்தின் பேரில் உள்ளே போன படிப்பு மனத்தில் தங்காது என்றார். இங்கிலாந்துத் தத்துவ ஞானி ஜான் லாக் 1693ல் எழுதியதும் கிட்டத்தட்ட அதே தான். பிரம்பு கண்ணில் படுகிற வரை பிள்ளை பணிந்தவன் போல நடிப்பான், அது மறைந்ததும் பழைய ஆசைக்கே திரும்பிவிடுவான். பிடிவாதத்துக்கு மட்டும் அடிக்கலாம் என்று லாக் ஒரு சந்து விட்டுவைத்தார். அவர் மனத்தில் இருந்தது பெரிய வீட்டுப் பையனும் அவனுக்கென்று ஒரு தனி ஆசிரியரும். எட்டாம் வகுப்பு பி பிரிவை அவர் பார்த்ததில்லை.

அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், ஊரிலேயே கண்டிப்பானவர் என்று பேர் வாங்கிய ஆசிரியர் ஆபீஸ் ரூமுக்குப் போன பிறகு அந்த வகுப்பு வாசலில் ஒரு நிமிடம் நின்றால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலில் அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது. “அப்போ பிளஸ் டூ பையனை அடிக்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். முடியாது. பதினெட்டு வயதுக்குள் இருக்கும் எவரையும் பொறுப்பில் இருப்பவரே தாக்கினால் அது குற்றம் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு.

அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, எட்டாவது வரை பெயிலும் போடக் கூடாது. ஆசிரியர் என்னதான் செய்வது?

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் அதற்குப் பதிலாக ஆசிரியர் கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிற பள்ளியில், “அன்பாகப் பேசுங்கள்” என்கிற சுற்றறிக்கை எரிச்சலைத்தான் கிளப்பும்.

ஆனால் அடி போய்விட்டால் தண்டனையே போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன ஒரு குறளை வகுப்பறைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால்
ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.

என்ன நடந்தது என்று முதலில் விசாரி. மறுபடி அது நடக்காதபடி செய். தப்பின் அளவுக்குத் தண்டி. அடுத்த குறளில்தான் “கடிதோச்சி மெல்ல எறிக” வருகிறது. ஓங்குவது பலமாக இருக்கட்டும், விழுவது மெதுவாக விழட்டும்.

இந்த மூன்றையும் நம் வகுப்பறைப் பழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். “யாரு பேசினது? சொல்லலேன்னா எல்லாரும் எழுந்து பெஞ்சு மேல நில்லுங்க.” விசாரணை முதல் வரியிலேயே செத்துவிட்டது. பேசாத நாற்பது பேருக்கு அங்கே கிடைக்கிற பாடம், ஒழுங்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது. மேசையில் கிறுக்கியவன் அதைத் துடைக்கட்டும், அடுத்தவன் டிபன் பாக்ஸை ஒளித்துவைத்தவன் அவனோடு உட்கார்ந்து தன் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிடட்டும். தப்புக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு உறவு இருந்தால் பிள்ளைக்கே புரியும். தோப்புக்கரணத்துக்கும் வீட்டுப்பாடத்துக்கும் என்ன உறவு?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்கைம் கண்டிப்பின் பக்கம் நின்றவர். விதி இல்லாமல் ஒழுக்கம் இல்லை என்பவர். அவரே உடல் தண்டனையை ஏற்கவில்லை. தண்டனையின் வேலை வலி கொடுப்பதல்ல, விதி இன்னும் நிற்கிறது என்று மற்றவர்களுக்குக் காட்டுவது என்றார்.

அப்புறம், நான் பார்த்தவரை பல பள்ளிகளில் விதி அதிகம் என்று சொல்வதே சரியில்லை. அங்கே இருப்பது விதி இல்லை, வாத்தியாரின் மூடு. செவ்வாய்க்கிழமை சிரித்துவிட்டு விட்ட அதே தப்புக்கு வியாழக்கிழமை கன்னத்தில் விழும். பிள்ளைகள் பாடத்தைப் படிப்பதைவிட அவர் முகத்தைப் படிக்கத்தான் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். எழுதி வைத்த விதி ஒன்று இருந்தால் அது முதலில் காப்பாற்றுவது பிள்ளையைத்தான்.

விதியே இல்லாமல் விட்டுவிட்டால்?

ஏ.எஸ். நீல் 1921ல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சம்மர்ஹில் பள்ளியைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே வகுப்புக்குப் போவது பிள்ளையின் இஷ்டம். ஆனால் அது விதியில்லாத பள்ளி என்று நினைத்தால் தப்பு. கூட்டம் கூடி விதி போடுவார்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கும் நீலுக்கும் ஆளுக்கொரு ஓட்டு. சுதந்திரம் வேறு, அடுத்தவர் தலையில் ஏறுவது வேறு என்று நீலே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நமக்கு அது ஒத்துவருமா? முழுசாக வராது என்பது என் எண்ணம். உண்டு உறைவிடப் பள்ளி, கட்டணம் கட்டக்கூடிய பெற்றோர், சின்னக் கூட்டம். படிக்காமல் இரண்டு வருஷம் சும்மா திரிந்தாலும் விழுந்து எழ அந்தப் பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டு வருஷம் திரும்பக் கிடைக்காது. எல்லாரும் கூடி விதி போடுகிற அந்தப் பழக்கத்தை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு விதியைப் பற்றி என்ன தெரியும்?

சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற உளவியலாளர் பிள்ளைகள் கோலி விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, விதியை யார் போட்டது, மாற்றலாமா என்று அவர்களையே கேட்டார். 1932ல் வெளிவந்தது அந்த ஆய்வு. சின்னவர்களுக்கு விதி பெரியவர்கள் போட்டது, தொடக்கூடாதது. ஆனால் விளையாடும்போது அவரவர் இஷ்டப்படிதான் விளையாடுவார்கள். பத்து, பதினொன்று வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள், ஆனால் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களும் அவர்களே. மாற்றலாம் என்று தெரிந்த விதியைத்தான் பிள்ளை மதிக்கிறது. இதைவிடப் பயனுள்ள ஒரு செய்தி ஆசிரியர் பயிற்சியில் எனக்குத் தெரிந்து கிடையாது.

அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கிற வயலில் நடக்கும் கிரிக்கெட்டைப் பாருங்கள். வாய்க்காலில் பந்து விழுந்தால் அவுட், அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும். பக்கத்து வயலில் உளுந்து நின்றால் அந்தப் பக்கம் அடிப்பதே கிடையாது. ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் ஜோக்கர், இரண்டு பக்கமும் ஆடுவான். தூக்கிக்கொண்டு வந்த தம்பி உப்புக்குச் சப்பாணி, அவனுக்கு அவுட் கிடையாது. நிலைமைக்குத் தக்க விதி, பலவீனமானவனுக்குச் சலுகை, சண்டை வந்தால் தீர்ப்பு, எல்லாம் பெரியவர் ஒருவரும் இல்லாமலே நடக்கிறது. அமெரிக்கத் தத்துவ ஞானி ஜான் டூயி 1938ல் விளையாட்டை வைத்துத்தான் இதைப் பேசினார். அவுட் கொடுத்தது அநியாயம் என்று பிள்ளை சண்டை போடும், அவுட் என்று ஒரு விதி இருப்பதை எதிர்த்துச் சண்டை போடாது.

இதே பையன்கள்தான் காலையில் வகுப்பில் “சொன்னா கேக்காதவங்க”. அதோடு, அவர்கள் ஆடுகிற பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார்.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” இப்போது அடக்கிவைத்து, பெரியவனானதும் சுதந்திரம் கொடுத்தால் போதாதா?

ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட் கிட்டத்தட்ட உங்கள் கட்சி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது முதலில் ஏதாவது கற்றுக்கொள்வதற்கே அல்ல, அமைதியாக உட்காரவும் சொன்னதைச் செய்யவும் பழகுவதற்கு என்றார். ஆனால் அதே ஆள், கட்டுப்படுத்திக்கொண்டே சுதந்திரத்தை எப்படி வளர்ப்பது என்பதுதான் கல்வியின் பெரிய சிக்கல் என்றும் சொன்னார். நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஆங்கிலேயத் தத்துவ ஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ல் தனிமனித சுதந்திரத்துக்காக வாதாடியபோது, இது குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவைத்தார். ஒதுக்கினார் சரி, அப்படியானால் பதினெட்டாவது பிறந்தநாளன்று காலையில் சுதந்திரம் எங்கிருந்து வந்து இறங்கும்?

பதினேழு வயது வரை பேனா நிறத்தைக்கூட அடுத்தவர் முடிவு செய்து வளர்ந்த பிள்ளை, திருச்சியிலோ சென்னையிலோ ஹாஸ்டலில் போய் விழுகிறது. முதல் செமஸ்டரில் என்ன ஆகிறது என்று கல்லூரி ஆசிரியர்களைக் கேளுங்கள். முடிவெடுப்பதும் பழக்கத்தில் வருவதுதான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி மூன்று வயதுக் குழந்தைக்கே எந்த வேலையை எடுப்பது என்கிற தேர்வைக் கொடுத்தார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்கிற விதியையும் கூடவே கொடுத்தார். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து அவர் இங்குள்ள ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார், ஆகவே இது நமக்கு ஆகாத வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று சொல்ல முடியாது.

தாமதமாக வந்தால் கேட்டைப் பூட்டுவது சரியா?

சரியில்லை. தத்துவ ஞானி ரூசோ 1762ல் ஒரு யோசனை சொன்னார். பையன் தன் அறை ஜன்னலை உடைத்தால் திட்டாதே, குளிர்காற்றில் கிடக்கட்டும், தானாகப் புரியும் என்றார். (சளி பிடித்தாலும் பரவாயில்லை என்றார், அது கொஞ்சம் அதிகம்.) தாமதமாக வந்தால் இயல்பாக நடப்பது பாடம் போவது. கேட்டைப் பூட்டினால் போன பாடத்தோடு இருக்கிற பாடமும் போகிறது.

ஏன் தாமதம் என்று யாராவது கேட்கிறார்களா? நடவு நேரத்தில் அம்மா விடியற்காலையிலேயே வயலுக்குப் போயிருப்பாள், தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வருவது மூத்த பெண். டவுன் பஸ் ஒன்று வராவிட்டால் அடுத்தது எப்போது என்பது ஓட்டுநருக்கே தெரியாது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில்தான் மாநிலம் முழுவதற்குமாக விரிவாக்கப்பட்டது. காலையில் ஒரு தட்டு உப்புமாவும் சாம்பாரும் இருந்தால் நேரத்துக்கு வரக் காரணம் கிடைக்கிறது. பூட்டு அந்த வேலையைச் செய்யாது.

முடிவெட்டு, ரிப்பன், கையில் கயிறு: இவற்றில் பள்ளி தலையிடலாமா?

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் குழப்பம். ஒவ்வொன்றுக்கும் “ஏன்?” என்று பிள்ளை கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

சீருடைக்குப் பதில் இருக்கிறது: யார் வீட்டில் காசு இருக்கிறது என்று சட்டை சொல்லக் கூடாது. சாதி நிறக் கயிற்றுக்கும் இருக்கிறது. நாங்குநேரியில் 2023ல் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் எல்லாவற்றையும் தடை செய்யச் சொன்னது. நெற்றியில் இடுவது மத நம்பிக்கை என்று எதிர்ப்பும் எழுந்தது, அந்த வாதத்தை லேசில் தள்ள முடியாது. கயிறு விஷயத்தில் எனக்குத் தயக்கம் இல்லை. அது ஒருவனின் சொந்த விருப்பம் என்பார்கள். அடுத்த பெஞ்சுக்காரனை எங்கே உட்காரவைப்பது என்று சொல்லவே அது கட்டப்படுகிறது. நம் பக்கத்தில் அதெல்லாம் இல்லை என்று சொல்கிறவர்கள், எந்தத் தெருப் பிள்ளை யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறது என்று ஒரு மதியம் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

முடிவெட்டுக்கு? “ஒழுங்கா இருக்கணும்” என்பதைத் தாண்டி யாரும் ஒரு காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி மேலே குருவிக்கூடு வைத்த பையனால் அல்ஜீப்ராவுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பிரேயரில் எல்லார் முன்னாலும் கத்தரியால் அவன் தலையில் கோடு போடுவது கண்டிப்பு ஆகாது, அது அவமானம், சட்டம் சொல்கிற மனத் துன்புறுத்தலும் அதுதான். பிடிக்கவில்லை என்றால் அவனோடு பேசுங்கள், கிண்டல்கூடச் செய்யுங்கள். விதியாக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் நீளமான பட்டியல்?

ஷால் பின் குத்தியிருக்க வேண்டும், இரட்டைச் சடை மடித்துக் கட்ட வேண்டும், பையன்களோடு பேசக் கூடாது, படிக்கட்டில் சிரிக்கக் கூடாது. பாதுகாப்புக்காக என்பார்கள். தொந்தரவு செய்கிறவனுக்கு ஒரு விதியும் இல்லாமல் தொந்தரவுக்கு ஆளாகிறவளுக்குப் பத்து விதி போடுவதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

செல்போன்?

வகுப்பில் வேண்டாம். ஆசிரியருக்கும் வேண்டாம்.

நம் மரபு குருவுக்குக் கீழ்ப்படி என்றுதானே சொல்கிறது?

மரபு என்று ஒன்று மட்டும் இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோதண்டம் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டதும் மரபுதான். அதை யாரும் திரும்பக் கேட்பதில்லை. மாணவன் ஆசிரியரிடம் எப்படி இருக்க வேண்டும் என்று நன்னூல் சொல்கிற இடத்தில், ஆசான் எதை விரும்புகிறாரோ அதன்படி நட என்றுதான் வருகிறது. ஆனால் சும்மா விடவில்லை, “அறத்தில் திரியா” என்று ஒரு நிபந்தனை போடுகிறது. அறம் ஆசிரியருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது.

நம் மண்ணிலேயே ஒரு கதை உண்டு. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துப் பையன் ஒருவன் 1871ல் மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தான். பின்னாளில் உ.வே. சாமிநாதையர். அங்கே பிரம்புக்கு வேலையே இல்லை, இன்னும் பெரிய நூல்களைப் பாடம் சொல்ல மாட்டாரா என்கிற ஏக்கம்தான் அவனுக்கு இருந்தது. அதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவன் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தான். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை, இசையில் மனம் போனால் இலக்கியத்தில் அறிவு செல்லாது என்று நினைத்தார். பையன் சங்கீதத்தை விட்டுவிட்டான். கீழ்ப்படிதலுக்கு அழகான உதாரணம் என்று மேடையில் சொல்வார்கள். நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே பாடம் கேட்கிற வாய்ப்பு ஒரு பதினாறு வயதுப் பையன் கையை விட்டுப் போனது என்றும் அதைச் சொல்லலாம். தமிழுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்பான ஆசிரியரின் சொல்லுக்கும் ஒரு விலை இருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே விதி என்பதுதானே நியாயம்?

பெரும்பாலும். கும்பகோணத்தில் டவுன் ஹைஸ்கூலில் பரிசெல்லாம் வாங்கிய ராமானுஜன், 1904ல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை, ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போய்விட்டது. விதிப்படி சரி. விதி பொதுவாகப் பேசுவதால் சில இடங்களில் தவறிவிடும், அங்கே அதைத் திருத்துவதும் நீதியின் வேலைதான் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான். “ஒருத்தனுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள்” என்று தலைமையாசிரியர்கள் பயப்படுவார்கள். கேட்கட்டும். காரணம் சொல்ல முடிந்தால் பயம் எதற்கு? தலைமையாசிரியருக்கு வேண்டியவர் வீட்டுப் பிள்ளை என்பது காரணத்தில் சேராது, அவ்வளவுதான்.

பிள்ளைகளோடு சேர்ந்து விதி எழுதுவது நடைமுறையில் நடக்குமா?

நடக்கும். தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தலைமடைக்காரர் தன் முறை முடிந்ததும் மடையை அடைக்கிறார் என்றால், அந்த முறையைப் பேசி முடித்த கூட்டத்தில் அவரும் இருந்தார், கடைமடைக்காரரும் இருந்தார். இரவில் மண்வெட்டியோடு போய்ப் பார்க்கிற ஆளும் இருக்கிறார். பேசி வைத்தது, கண்காணிப்பு, இரண்டும் வேண்டும்.

வகுப்பில் ஜூன் மாதமே உட்கார்ந்து நாலைந்து விதி போதும். பத்துக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது. பிள்ளைகள் முதலில் போடுகிற தண்டனை ஆசிரியர் போடுவதைவிடக் கொடூரமாக இருக்கும், “பேசினா நூறு தோப்புக்கரணம்” என்பார்கள். அதை வெட்டிக் குறைப்பதே நல்ல பாடம். ஆசிரியருக்கும் ஒரு விதி அந்தச் சார்ட்டில் இருக்கட்டும்: வாங்கிய நோட்டை இத்தனை நாளில் திருத்தித் தருவேன் என்பது மாதிரி. அரையாண்டுக்குள் பாதி விதி செத்துப்போகும். ஜனவரியில் மறுபடி உட்காருங்கள்.

பள்ளிக்கூடமே ஒரு சிறை என்று ஃபூக்கோ சொன்னாராமே?

ஃபூக்கோ பிரெஞ்சுத் தத்துவ ஞானி. 1975ல் வந்த அவர் ஆய்வு, சிறை, படை முகாம், தொழிற்சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் ஒரே மாதிரி மணி, வரிசை, பதிவேடு, தேர்வு வைத்து மனிதரைப் பழக்குகின்றன என்று காட்டியது. தினமும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி உட்கார வைக்கிற சில தனியார் பள்ளிகளைப் பார்க்கும்போது அவர் ஞாபகம் வரும். ஆனால் வீட்டில் விளக்குப் போட இடமில்லாத பெண்ணுக்கு அந்த மணியும் வரிசையும் பதிவேட்டில் இருக்கிற தன் பெயரும் விடுதலையாகவும் இருக்கின்றன. ஃபூக்கோ அவளிடம் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விதி பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பாய்ந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். நெரிசலான கட்டடம், சரியான வெளியேறும் வழி இல்லை. வரிசையில் நில், கையைக் கட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த உலகத்தில், கட்டட விதியைப் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டுத் தாண்டிப்போயிருந்தார்கள். பள்ளியில் ஒழுக்கம் குறைந்துவிட்டது என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், தீயணைப்புச் சான்றிதழ் எந்த வருஷத்தது என்று முதலில் கேட்பது நல்லது.

என் பையனை ஆசிரியர் அடித்துவிட்டார். புகார் செய்தால் அவனை இன்னும் படுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் நியாயமானது, தனியாகப் போகாதீர்கள். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், ஒருவரை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். முதல் முறை பேச்சிலேயே பல விஷயங்கள் முடிந்துவிடும், அந்த ஆசிரியரே வருத்தப்படுவதும் உண்டு. காயம் இருந்தால் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கிவிடுங்கள். பேசியும் மாறாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கின்றன. எழுதிக் கொடுக்கிற புகாரில் தேதி, எந்த பீரியட், எதனால் அடித்தார், யார் பார்த்தார்கள் என்று மட்டும் இருக்கட்டும். ஆசிரியரின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் “பெற்றுக்கொண்டேன்” என்று அலுவலகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.